தளங்கடந்த கோரிக்கைப் போலியாக்கம்: உலாவிச் செயலிகளின் பாதுகாப்பும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

இலக்கிய, சமூகவியல் ஆய்வுகளுக்கே பெரிதும் இடமளித்துவரும் ஏடொன்றிலே கணினிப் பாதுகாப்பின் நுட்பக் கூறொன்றினைப் பற்றி எழுதுவதற்குச் சிறிது விளக்கம் தேவைப்படலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புதல், விண்ணப்பம் சமர்ப்பித்தல், கடவுச்சொல்லை மாற்றுதல் முதலிய செயல்கள் பலவற்றை இன்று நாம் இணைய உலாவியினூடாகவே நிறைவேற்றுகின்றோம். முன்னர் கையொப்பம் ஆற்றிய பணியை இப்பொழுது உலாவி அனுப்பும் கோரிக்கை ஆற்றுகின்றது. ஆயின், ஒரு கோரிக்கை என் கணினியிலிருந்து சென்றது என்பதும், அதனை நான் விரும்பி அனுப்பினேன் என்பதும் ஒன்றாகுமா? இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலே தோன்றிய வழுவே 'தளங்கடந்த கோரிக்கைப் போலியாக்கம்' என இங்குக் குறிப்பிடப்படுவதாகும். இவ்வழுவின் இயல்பினையும், உலாவியிலேயே பெரும்பகுதி இயங்கும் செயலிகளை அதனின்று காக்கும் முறைகளையும், அவை ஏன் இத்துணைக் காலந்தாழ்த்தி வந்தன என்பதனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிரச்சினையின் இயல்பு

ஒருவர் வங்கியின் இணையத்தளத்திலே தமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உட்புகுகின்றார் எனக் கொள்வோம். சேவையகம் அவரை இனங்கண்டு, 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பொன்றினை அவரது உலாவியிடம் ஒப்படைக்கின்றது. அதன்பின் அத்தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையுடனும் உலாவி அக்குக்கியைத் தானாகவே இணைத்து அனுப்பும். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கப்படாமைக்குக் காரணம் இதுவே.

இனி, அவர் வெளியேறாமலே மற்றொரு சாளரத்தில் வேறொரு தளத்தைத் திறக்கின்றார். அத்தளத்தை அமைத்தவர் தீய நோக்கினர். அப்பக்கத்தினுள்ளே மறைவான படிவம் ஒன்று உள்ளது. அது செல்லவேண்டிய முகவரி வங்கியினது. அதில் நிரப்பப்பட்டிருப்பவை பெறுநரின் கணக்கிலக்கமும் தொகையும். பக்கம் திறந்தவுடன் சில வரி நிரல் அப்படிவத்தைத் தானே அனுப்பிவிடுகின்றது. கோரிக்கை வங்கிக்குச் செல்வதால் உலாவி வங்கியின் குக்கியையும் கடமை தவறாது உடன் அனுப்புகின்றது. குக்கி செல்லுபடியாவதைக் கண்ட சேவையகம் பணத்தை மாற்றிவிடுகின்றது.

இங்கே தாக்குபவர் கடவுச்சொல்லைத் திருடவில்லை, குக்கியை வாசிக்கவுமில்லை, வங்கி அளிக்கும் மறுமொழியைக் காணவும் அவரால் இயலாது. பிறருடைய அதிகாரத்தைக் கைப்பற்றாமலே அதனை ஏவிவிடுவதுதான் இம்முறையின் சிறப்பியல்பு. தொடர்பு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை. ஏனெனில் போலிக் கோரிக்கையும் அதே மறைகுறியாக்கத்தினூடே பத்திரமாகச் செல்லும்.

இது வெறும் ஊகமன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் செல்லர், எட்வேட் ஃபெல்ரன் ஆகிய இருவரும் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கையில், ஐஎன்ஜி டிரெக்ட் என்னும் வங்கியின் அமெரிக்கத் தளத்தில் இவ்வழியே பயனரின் பெயரில் புதிய கணக்கொன்றைத் திறந்து, அவரது பணத்தைத் தாக்குபவரின் கணக்குக்கு மாற்ற இயலும் எனக் காட்டினர். நியூயோர்க் ரைம்ஸ், யூரியூப் ஆகிய தளங்களிலும் இத்தகைய குறைகளை அவர்கள் கண்டனர்.

இவ்வழுவின் சமூகப் பாரதூரத்தை உணர்வதற்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். சேவையகத்தின் பதிவேட்டில் எஞ்சியிருப்பவை கணக்குடையவரின் குக்கியும் அவரது கணினி இணைந்திருந்த முகவரியுமேயாகும். ஆவணச் சான்று முழுவதும் 'செய்தவர் இவரே' என்று கூறும்; பாதிக்கப்பட்டவரிடம் 'நான் செய்யவில்லை' என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் இராது. நிறுவனத்தின் பதிவேடும் தனிமனிதனின் வாய்ச்சொல்லும் முரண்படுமிடத்து எது எடுபடும் என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

2. வரலாற்று அடிப்படை

இக்குறை எவ்வாறு தோன்றியது? நிரலாளர் சிலரின் கவனக்குறைவு என இதனை விளக்குவது போதாது. வலையின் வளர்ச்சிக்கட்டங்களோடு சேர்த்தே இதனை நோக்குதல் வேண்டும்.

1989 ஆம் ஆண்டில் ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ முன்வைத்த திட்டம், ஆய்வாளர்கள் தமது ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பகிர்ந்துகொள்வதற்கானது. எவரும் எவருடைய ஆவணத்துக்கும் அனுமதி கேளாமல் இணைப்புக் கொடுக்கலாம் என்பதே அதன் உயிர்நாடி. 1993 ஏப்ரல் மாதத்தில் சேர்ண் அதனை எவரும் உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக்கிற்று. அவ்வமைப்பின் தொடர்பு நெறிமுறையான எச்.ரி.ரி.பி. நினைவற்றது, முன்னைய கோரிக்கையை அனுப்பியவரும் பின்னையதை அனுப்பியவரும் ஒருவரா என அது அறியாது. ஆவணம் வாசிப்பதற்கு அந்நினைவு தேவைப்படவுமில்லை.

வணிகத்துக்கோ அது தேவைப்பட்டது. வாங்குபவரின் கூடையில் எவை உள்ளன என்பதனைக் கடை நினைவிற்கொள்ள வேண்டும். 1994 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலிருந்த லூ மொன்ருலி இத்தேவைக்காகவே குக்கியை அமைத்தார். கட்டற்ற இணைப்புக்கென உருவான அமைப்பின்மீது, ஆளை இனங்கண்டு செயலை அவர்மேற் சுமத்தும் வணிக உறவு இவ்வாறு ஏற்றப்பட்டது. எவரும் எத்தளத்துக்கும் கோரிக்கையைத் தூண்டலாம் என்ற பழைய சுதந்திரமும், கோரிக்கையோடு ஆளின் அதிகாரமும் செல்லும் என்ற புதிய ஏற்பாடும் ஒன்றுக்கொன்று முரணானவை. நமது பிரச்சினை இம்முரண்பாட்டின் நேரடி விளைவாகும்.

நெற்ஸ்கேப் 1995 இல் அறிமுகப்படுத்திய 'ஒரே மூலக் கொள்கை' இம்முரண்பாட்டின் ஒரு பாதியையே தீர்த்தது. ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் உள்ளடக்கத்தை வாசிப்பதை அது தடுத்தது. கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கவில்லை. வாசிக்க முடியாது, ஆனால் ஏவலாம் என்பதே நிலை.

அபாயம் அறியப்படாதிருந்தது எனவும் கூறவியலாது. குக்கிகளுக்கான முதல் நியம ஆவணம் 1997 பெப்ரவரியில் வெளிவந்தது. பயனர் தாமே அறிந்து தெரிவுசெய்யாது உலாவி தானாக விடுக்கும் கோரிக்கைகளை அது தனியே வகுத்து, அவை வேறு தளத்துக்குச் செல்லுமாயின் குக்கி இணைத்தல் கூடாது என்பதை இயல்புநிலையாக விதித்தது. முன்னணி உலாவிகள் அவ்விதியைப் பின்பற்றவில்லை. பல தளங்களிடையே ஒருவரைப் பின்தொடரும் விளம்பர வலையமைப்புகள் அவ்வேளையில் வளரத் தொடங்கியிருந்தன. அவற்றின் எதிர்ப்பும் ஒரு காரணியாயிற்று.

எனினும் எல்லாவற்றையும் விளம்பர முதலின்மேற் சுமத்துவது இயந்திரப்பாங்கான விளக்கமாகும். அவ்விதி நடைமுறைக்கு வந்திருந்தால் மறைவான படங்கள், உட்சட்டங்கள் வழியான தாக்குதல்கள் பெரிதும் அடைபட்டிருக்கும். ஆனால் உலாவியின் முழுப் பக்கத்தையுமே வேறு தளத்துக்குத் திருப்பிப் படிவத்தை அனுப்பும் வழி எஞ்சியிருக்கக்கூடும். ஏற்கெனவே இயங்கிவந்த தளங்களைக் குலைக்கலாகாது என்ற நியாயமான தயக்கமும் இருந்தது. பொருளியல் நலன் நுட்பத்தை நேரடியாக ஆக்குவதில்லை. எந்த நுட்பம் இயல்புநிலையாக நிலைபெறும் என்பதிலேயே அதன் அழுத்தம் மிகுதியாகத் தொழிற்படுகின்றது.

3. குழம்பிய முகவர்

இவ்வழுவுக்கு இன்றைய பெயரை 2001 ஆம் ஆண்டில் பீற்றர் வாட்கின்ஸ் இட்டார். ஆயினும் இதன் பொதுவடிவத்தை அதற்கு முன்னரே, 1988 இல், நோம் ஹார்டி 'குழம்பிய முகவர்' எனப் பெயரிட்டு விளக்கியிருந்தார். அவர் கூறும் நிகழ்ச்சி ரைம்ஷெயார் என்னும் கணினிச்சேவை நிறுவனத்தைச் சார்ந்தது. அங்கிருந்த தொகுப்பி நிரலுக்குத் தனது பயன்பாட்டுப் புள்ளிவிபரங்களை எழுதும்பொருட்டுக் குறித்த ஒரு கோப்பகத்தில் எழுதும் அதிகாரம் வழங்கப்பட்டிருந்தது. அதே கோப்பகத்திலேயே வாடிக்கையாளரின் கட்டண விபரக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர் தமக்குரிய வெளியீட்டை எழுதவேண்டிய இடமாக அக்கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அதில் எழுதப் பயனருக்கு அதிகாரமில்லை; தொகுப்பிக்கு உண்டு. தொகுப்பி எழுதிற்று, கட்டண விபரங்கள் அழிந்தன.

தொகுப்பி இருவருக்குப் பணிசெய்தது. எச்செயலை எவருடைய அதிகாரத்தைக் கொண்டு செய்கின்றது என்பதை அது வேறுபடுத்தி அறியவில்லை. உலாவியின் நிலையும் இதுவே. அது பயனரின் முகவர். அதேவேளை, திறக்கப்படும் ஒவ்வொரு பக்கத்தின் கட்டளைக்கும் பணிவது. தீயவரின் கட்டளையைப் பயனரின் அதிகாரத்தைக் கொண்டு நிறைவேற்றுகின்றது. ஆகவே தீர்வின் சாரம் ஒன்றுதான்: கோரிக்கையுடன் வரும் அதிகாரத்தை மட்டும் பாராது, கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதற்கும் சான்று கேட்டல்.

4. இரகசிய வில்லை

இவ்விடத்திற் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வருதல் இயல்பு. கோவலன் கையிற் சிலம்பு இருந்தமையே அவன் கள்வன் என்பதற்குப் போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது. இரு சிலம்புகளும் புறத்தே ஒத்திருந்தன. உண்மையை வெளிப்படுத்தியது உள்ளிருந்த பரல். அரசியினது முத்து, கண்ணகியினது மாணிக்கம். உரியவர் மட்டுமே அறிந்திருக்கக்கூடிய உட்பொருளே உரிமையை நிறுவிற்று. அச்சோதனை தண்டனைக்கு முன்னரன்றிப் பின்னர் நிகழ்ந்தமையே அவலமாயிற்று.

'டோக்கன்' எனப்படும் வில்லையின் தத்துவமும் இதுவே. குக்கி புறத்தே தெரியும் சிலம்பு போன்றது; எவர் ஏவினாலும் அது வந்துசேரும். எனவே சேவையகம் ஊகித்தறிய முடியாத எழுத்துத்தொடர் ஒன்றினை உருவாக்கித் தனது பக்கத்தினுள்ளேயே பதித்துக்கொடுக்கின்றது. மெய்யான படிவம் அதனைத் திருப்பியனுப்பும். ஒரே மூலக் கொள்கை காரணமாகப் பிறதளம் அதனை வாசிக்க இயலாது. ஆதலின் போலிப் படிவத்தில் அது இராது. செயலை நிறைவேற்றுவதற்கு முன்னர் சேவையகம் அதனை ஒப்புநோக்குதல் வேண்டும். ஜங்கோ, றெயில்ஸ் முதலிய நிரற்சட்டகங்கள் இதனைத் தாமே செய்கின்றன.

உலாவிச் செயலிகளில் இதனை அவ்வாறே கையாள்வது எளிதன்று. அவற்றிற் சேவையகம் ஒவ்வொரு பக்கத்தையும் ஆக்கியனுப்புவதில்லை. செயலி ஒருமுறை இறங்கியபின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே பக்கங்களை அமைத்து, வேண்டிய தரவுகளை மட்டும் கேட்டுப்பெறுகின்றது. வில்லையைப் பதிப்பதற்குச் சேவையகம் ஆக்கிய படிவம் அங்கில்லை. எனவே மாற்று வழியொன்று கையாளப்படுகின்றது. சேவையகம் வில்லையை இரண்டாவது குக்கியாக அனுப்பும். செயலியின் நிரல் அதனை வாசித்துக் கோரிக்கையின் தலைக்குறிப்பில், அதாவது உள்ளடக்கத்துக்கு முன்செல்லும் விபரவரிகளில், எடுத்தெழுதும். சேவையகம் இரண்டையும் ஒப்பிடும். குக்கி தானாக வரும். தலைக்குறிப்பை எழுதுவதற்கோ வாசித்தறிந்த நிரல் வேண்டும். அங்கியூலர் நிரற்சட்டகம் இவ்வேற்பாட்டை உள்ளடக்கியுள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரே பெருந்தளத்தின் கிளைத்தளம் ஒன்று தாக்குபவர் வசமாயின், அங்கிருந்து அவர் தாம் விரும்பிய வில்லையைக் குக்கியாக இட்டு அதனையே கோரிக்கையிலும் அனுப்ப முயலலாம்; சேவையகம் அதனை ஏற்குமாயின் இரண்டும் ஒத்திருக்கும். எனவே வெறும் ஒப்புமை போதாது. வில்லை, பயனரின் அமர்வோடு பிணைக்கப்பட்டுச் சேவையகத்தின் இரகசியத் திறவுகோலால் முத்திரையிடப்பட்டிருத்தல் வேண்டும்.

5. ஏனைய காப்புகளும் அவற்றின் எல்லைகளும்

உலாவிச் செயலிக்கு இயல்பாகவே வாய்த்த சாதகமொன்றுண்டு. பிறதளத்துக்குச் செல்லும் கோரிக்கையில் வழமைக்கு மாறான தலைக்குறிப்பு இடம்பெறுமாயின், உலாவி முதலில் அத்தளத்திடம் இசைவு கேட்கும். இசைவு கிடையாதவிடத்து உண்மைக் கோரிக்கை செல்லாது. சாதாரணப் படிவத்தாற் புதிய தலைக்குறிப்பு எதனையும் சேர்க்கவியலாது. ஆகவே தனித் தலைக்குறிப்பொன்றைக் கட்டாயமாக்குவதே ஒரு காப்பாகின்றது. ஆனால், இசைவு கேட்போர் அனைவருக்கும் தலையசைத்து, குக்கியையும் ஏற்கும் சேவையகம் இக்காப்பைத் தானே தகர்த்துவிடுகின்றது. தரவு ஜேசன் வடிவில் வந்தால் மட்டும் போதும் என்று எண்ணுவதும் தவறு; வெற்றுரை என வகை குறித்து ஜேசன் போன்ற தொடரைப் படிவமொன்றினால் அனுப்பிவிடலாம். வகைக்குறிப்பையும் சேவையகம் சோதித்தல் வேண்டும்.

குக்கியையே கைவிட்டு, அடையாள வில்லையை நிரலே ஒவ்வொரு முறையும் தலைக்குறிப்பில் இணைத்தனுப்பும் முறையும் உண்டு. தானாகச் செல்வது எதுவுமின்மையால் இங்கே நாம் ஆராயும் போலியாக்கத்துக்கு இடமில்லை. ஆனால் நிரல் வாசிக்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட்ட வில்லையை, பக்கத்தினுட் புகுந்துவிட்ட அயல்நிரலும் வாசித்துக் கவர்ந்து செல்லும். நிரலுக்குப் புலப்படாதவாறு குறிக்கப்பட்ட குக்கிக்கு இவ்வபாயமில்லை. ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறக்கின்றது. இலவசமான பாதுகாப்பு என ஒன்றில்லை.

அயல்நிரல் புகுமிடத்து இரகசிய வில்லையும் பயனற்றதாகும். 2005 ஒக்ரோபரில் மைஸ்பேஸ் தளத்திற் பரவிய 'சாமி' என்னும் நிரற்புழு இதற்குத் தக்க உதாரணம். அத்தளம் வில்லை கேட்டது. புழுவோ தளத்தினுள்ளேயே இயங்கியமையால், முதலிற் பக்கத்தைப் பெற்று வில்லையைப் பிரித்தெடுத்துப் பின்னர் கோரிக்கையை அனுப்பிற்று. ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் அதன் வசப்பட்டன. அரணின் மதில் எத்துணை வலிதாயினும் உள்ளே புகுந்துவிட்டவனை அது தடுப்பதில்லை.

உட்புகும் படிவத்துக்கும் காப்பு வேண்டும் என்பது பலரும் மறப்பது. 2008 இல் அடம் பார்த், கொலின் ஜாக்சன், ஜோன் மிற்செல் ஆகியோர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இதனைச் சுட்டினர். தாக்குபவர் பயனரை அவரறியாமலே தமது கணக்கினுட் புகுத்திவிடலாம். அதன்பின் பயனர் தேடுபவை, பதிபவை யாவும் தாக்குபவரின் கணக்கிற் சேரும். ஒருவரின் உழைப்பு மற்றொருவரின் பெயரில் திரள்வதற்கு இதனினும் தெளிவான நுட்ப உதாரணம் காண்பதரிது.

6. சுமை எவர்மீது?

மேற்கூறிய காப்புகள் யாவும் தளத்தை ஆக்குபவரின் தனிப்பட்ட விழிப்பையே நம்பியிருந்தன. குக்கியின் வழி இயல்பாகவே திறந்திருந்தது. அதனை அடைப்பது இலட்சக்கணக்கான நிரலாளர் ஒவ்வொருவரினதும் பொறுப்பாக விடப்பட்டது. பயனருக்கோ 'ஐயத்துக்குரிய இணைப்பைத் தொடாதீர்' என்ற அறிவுரை மட்டுமே கிடைத்தது. அமைப்பின் குறையைத் தனிமனித ஒழுக்கத்தின் குறையாக மாற்றிக் காட்டும் இப்போக்கு நமக்குப் புதியதன்று.

இயல்புநிலையே மாறவேண்டும் என்ற கருத்து வலுப்பெறப் பல்லாண்டுகள் சென்றன. பிறதளத்திலிருந்து எழும் கோரிக்கையோடு குக்கி செல்லலாமா என்பதனைத் தளமே குறிப்பதற்கான 'சேம்சைட்' என்னும் பண்பு 2016 இல் குறோம் உலாவியில் இடம்பெற்றது. அதன் இளக்கமான நிலையை, தளம் எதுவும் குறிப்பிடாவிடினும் இயல்பாகக் கொள்வது என்ற மாற்றத்தைக் கூகிள் 2020 பெப்ரவரியில் தொடங்கியது. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இன்றியமையாச் சேவைத் தளங்கள் குலையலாகாது எனக் கருதி ஏப்ரலில் அதனை மீளப்பெற்று, யூலையில் மீண்டும் தொடர்ந்தது. குக்கி பிறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே இம்மாற்றம் நிகழ்ந்தது. மூன்றாந்தரப்புக் குக்கிகளை முற்றாக நீக்கப்போவதாக 2020 இல் அறிவித்த அதே நிறுவனம், பலமுறை பிற்போட்டபின் 2024 யூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரமே அந்நிறுவனத்தின் வருவாயிற் பெரும்பங்கு என்பதை இதனோடு இணைத்து நோக்குதல் தகும்.

இம்மாற்றத்தையும் முழுத்தீர்வாகக் கொள்ளலாகாது. இளக்க நிலையில், இணைப்பைத் தொட்டுப் பக்கம் மாறும்போது செல்லும் 'கெற்' வகைக் கோரிக்கையோடு குக்கி செல்லும். எனவே தரவை மாற்றும் செயல் எதுவும் அவ்வகைக் கோரிக்கையால் நிறைவேறலாகாது. அது வாசிப்பதற்கு மட்டுமே உரியது. ஒரே பெருந்தளத்தின் கிளைத்தளங்கள் ஒன்றுக்கொன்று பிறதளமாகக் கருதப்படுவதுமில்லை. எல்லா உலாவிகளும் இவ்வியல்புநிலையை ஒரே வகையில் ஏற்கவுமில்லை. ஆதலின் தளமே இப்பண்பை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும்.

அண்மைக்கால வளர்ச்சிகளில் நம்பிக்கை தருவது, கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதை உலாவியே தலைக்குறிப்பில் அறிவிப்பதாகும். 2019 இல் குறோமில் தொடங்கிய இவ்வழக்கம், 2021 இல் பயர்பொக்சிலும் 2023 இல் சவாரியிலும் இடம்பெற்றது. பக்கத்தின் நிரலால் இக்குறிப்பை மாற்றவியலாது. 'இது பிறதளத்திலிருந்து வருகின்றது' என்ற குறிப்போடு வரும், தரவை மாற்றும் கோரிக்கையைச் சேவையகம் நிராகரித்தாற் போதும். 'கோ' நிரல்மொழி 2025 இல் இம்முறையைத் தனது அடிப்படை நூலகத்திலேயே சேர்த்துக்கொண்டது. குழம்பிய முகவர், தான் எவருடைய சொற்படி நடக்கின்றான் என்பதை இப்பொழுது சொல்லத் தொடங்கியுள்ளான் எனலாம்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. உலாவிச் செயலியை ஆக்குபவர் வாசித்தலையும் மாற்றுதலையும் தெளிவாகப் பிரித்தல் வேண்டும். அமர்வுக் குக்கியைப் பிறதளக் கோரிக்கைக்கு மறுத்தல் வேண்டும். அமர்வோடு பிணைந்த வில்லையையோ உலாவி அறிவிக்கும் பிறப்பிடத்தையோ, இயலுமாயின் இரண்டையுமோ, செயலுக்கு முன்னர் சோதித்தல் வேண்டும். அயல்நிரல் புகும் வழிகளை அடைத்தல் வேண்டும். நிரற்சட்டகங்கள் இவற்றிற் பலவற்றைத் தாமே செய்யத் தொடங்கியமையாலேயே, ஒவாஸ்ப் அமைப்பு 2007, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட பத்து முதன்மை அபாயங்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்த இவ்வழு, 2017 ஆம் ஆண்டுப் பட்டியலினின்று நீங்கிற்று. தனிமனித விழிப்பாற் சாதிக்க இயலாததைப் பொதுக் கருவியில் வந்த மாற்றம் சாதித்தது என்பது இதிலிருந்து பெறவேண்டிய முக்கிய பாடமாகும்.

நுட்பத்துக்கு அப்பாலும் ஒரு முடிவுண்டு. அடையாளம் வேறு, விருப்பு வேறு. ஒருவரின் அடையாளம் இருந்தமையாலேயே அவரது விருப்பும் இருந்தது எனக் கொள்ளும் பதிவேடு, அது எத்துணைத் துல்லியமானதாயினும், பொய்ச்சான்று கூறக்கூடியது. வங்கியோ அரசோ பல்கலைக்கழகமோ அத்தகைய பதிவேட்டை முன்வைத்து ஒருவரைப் பொறுப்பாளியாக்கும் வேளையில், அக்கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதைச் சோதித்தீர்களா எனக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வினாவை எழுப்புவதற்கு வேண்டிய அறிவைப் பரவலாக்குவது நம்போன்றோரின் பணிகளுள் ஒன்றாகும்.